குன்று, ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஏரிக்கரை: சாலை சைக்கிள் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேடும் பள்ளமுமான குன்றுச் சாலைகள், ஆற்றோரச் சாலைகள், ஏரியைச் சுற்றும் சாலைகள் ஆகியவற்றில் மெல்லிய டயர் சாலை சைக்கிளில் 50 முதல் 150 கி.மீ. வரை ஓட்டுபவர்களுக்கான பக்கம் இது. கரடுமுரடான காட்டுப்பாதைகளைப் பற்றி இங்கே பேசவில்லை.

வரைபடத்தை மட்டும் பார்த்து ஒரு வழி எவ்வளவு கடினம் என்று கணிக்க முடியுமா?

முடியும். சாலையைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். ஆற்றின் போக்கிலேயே போகும் சாலை பெரும்பாலும் மிதமான சரிவில்தான் இருக்கும். தண்ணீர் நெடுங்காலமாக அறுத்து வைத்த தடத்தைத்தான் சாலை போட்டவர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓடைகளைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலையோ ஒவ்வொரு ஓடைக்கும் ஒருமுறை இறங்கி, அடுத்த முகட்டுக்கு ஒருமுறை ஏறும். ஆகவே உங்கள் வழி எத்தனை நீலக் கோடுகளைக் கடக்கிறது என்று எண்ணுங்கள். 60 கி.மீ.யில் 12 ஓடைகளைத் தாண்டினால் பத்துப் பன்னிரண்டு தனித்தனி ஏற்றங்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஃபிங்கர் லேக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பனியாறுகள் செதுக்கிய 11 ஒடுங்கிய ஏரிகள், விரல்களைப் போல ஏறத்தாழ வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன. ஓர் ஏரியின் ஓரமாகவே வடக்கிலிருந்து தெற்கே போகும் சாலை காலுக்கு இதமானது. அந்த ஏரியிலிருந்து பக்கத்து ஏரிக்குப் போகவேண்டுமானால் நடுவிலுள்ள முகட்டை முழுக்க ஏறி இறங்கவேண்டும். தூரம் ஒன்றாக இருக்கலாம், உழைப்பு ஒன்றல்ல.

சம உயரக் கோடுகள் உள்ள வரைபடம் கிடைத்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். கோடுகளுக்கு இடையே 10 மீட்டர் உயர வித்தியாசம், சாலை 500 மீட்டருக்குள் ஐந்து இடைவெளிகளைக் கடக்கிறது என்றால், 500 மீட்டரில் 50 மீட்டர் ஏற்றம். அது 10 சதவீதச் சரிவு. கோடுகளுக்கு இணையாகப் போகும் இடங்களில் சாலை சமமாக இருக்கும்.

100 கி.மீ.க்கு எத்தனை மீட்டர் ஏற்றம் இருந்தால் "அதிகம்" என்று சொல்லலாம்?

கிலோமீட்டருக்கு 5 மீட்டருக்குக் கீழே இருந்தால் சமதளம். 10 மீட்டரைத் தொட்டால் உண்மையான குன்றுச் சாலை. 15ஐத் தாண்டினால் கடினம். 20 என்றால் மலைப் பயணம்.

ஆனால் மொத்தக் கணக்கு பாதி உண்மைதான். 1,000 மீட்டர் ஏற்றம் இரண்டே நீண்ட ஏற்றங்களாக வந்தால் ஒரே வேகத்தில் நிதானமாக ஏறிவிடலாம். அதே 1,000 மீட்டர் நாற்பது மீட்டர் உயரமுள்ள 25 மேடுகளாக வந்தால், ஒவ்வொரு மேட்டின் அடியிலும் வேகத்தை விடக்கூடாது என்று ஆசைப்பட்டு 25 முறை முக்கித் தள்ளுவீர்கள். கடைசி 20 கி.மீ.யில் தொடை பிடித்துக்கொள்வது அதனால்தான்.

ஒரே வழிக்கு இரண்டு செயலிகள் இரண்டு விதமான ஏற்றக் கணக்கு காட்டுவது ஏன்?

திட்டமிடும் செயலிகள் நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் வைத்திருக்கும். செங்குத்தான பள்ளத்தாக்கில் சாலை ஒரு கட்டத்திலும், அதை ஒட்டிய பாறை முகடு பக்கத்துக் கட்டத்திலும் இருக்கும். வழியின் கோடு நான்கு மீட்டர் நகர்ந்துவிட்டால், இல்லாத மேடு ஒன்று கணக்கில் ஏறிவிடும். சுரங்கப் பாதையில் மேலே உள்ள மலையையும், பாலத்தில் கீழே உள்ள பள்ளத்தையும் சேர்த்து எண்ணும் செயலிகளும் உண்டு. உயர வரைபடத்தில் ஊசிபோல ஒரு கூம்பு தெரிந்தால், அந்த இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சுரங்கம் இருக்கும்.

ஹேண்டில்பாரில் மாட்டும் கருவி காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை அளக்கிறது என்றால் வானிலை மாறும்போது அதுவும் தவறும். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் சுமார் 8 மீட்டர் உயர வித்தியாசம் காட்டும். மழைத் துளியோ வியர்வையோ அதன் சிறு துளையை அடைத்துக்கொண்டாலும் இதே கோளாறு வரும்.

ஏரியை எந்தத் திசையில் சுற்றுவது?

சாலையின் எந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறார்களோ, அந்தப் பக்கத்தில் ஏரி இருக்குமாறு சுற்றுங்கள். இடது பக்கம் ஓட்டும் நாடுகளில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை, வலது பக்கம் ஓட்டும் நாடுகளில் கடிகாரத் திசை. ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றும் ஏறத்தாழ 200 கி.மீ. வழியைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓட்டச் சொல்வது இதனால்தான். அந்தச் சுற்றுக்குப் பிவாய்ச்சி என்றே பெயர். அமெரிக்காவில் டாஹோ ஏரியின் 115 கி.மீ. சுற்றைக் கடிகாரத் திசையில் ஓட்டுவதும் இதே காரணத்தால்.

இதில் காட்சி மட்டுமல்ல, பாதுகாப்பும் இருக்கிறது. தண்ணீர் குடிக்க, படம் எடுக்க, டயரைப் பார்க்க என்று பத்து முறையாவது ஓரம் கட்டுவீர்கள். ஏரி அருகிலிருந்தால் எதிர்வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போகவேண்டியதில்லை. ஏரிப் பக்கமிருந்து குறுக்குச் சாலைகளும் அதிகம் வந்து சேராது.

ஏரிக்கரைச் சாலை சமமாகத்தானே இருக்கும்?

அப்படி நம்பிக் கிளம்பித்தான் பலரும் களைத்துப்போகிறார்கள். ஏரியின் நீர்மட்டம் சமம்; கரை சமமல்ல. நிலம் ஏரிக்குள் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் சாலை அதைச் சுற்றாமல் ஏறி இறங்கிவிடும். டாஹோவில் எமரால்ட் விரிகுடா அருகே சாலை தண்ணீரை விட்டு வெகு உயரத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஏரியே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பழகாதவர்களுக்கு அங்கே மூச்சும் சீக்கிரம் வாங்கும்.

காற்று எப்போது எந்தப் பக்கமிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பள்ளத்தாக்கிலும் ஏரிக்கரையிலும், தெளிவான வெயில் நாட்களில், பெரும்பாலும் முடியும். பகலில் சரிவுகள் சூடாகிக் காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் வாயிலிருந்து உச்சியை நோக்கிக் காற்று வீசும். இரவில் குளிர்ந்த காற்று சரிவு வழியே இறங்கி, விடியற்காலையில் உச்சியிலிருந்து வாயை நோக்கி மெதுவாகப் போகும். எனவே போய்த் திரும்பும் பயணமானால் பள்ளத்தாக்கின் மேல்முனையில் தொடங்குவது நல்லது. காலையில் இறங்கும்போதும் முதுகுக் காற்று, பிற்பகலில் ஏறும்போதும் முதுகுக் காற்று. கீழ்முனையில் தொடங்கினால், திரும்பி வரும்போது இறக்கத்தில்கூட மிதித்துக்கொண்டே வரவேண்டியிருக்கும்.

பெரிய ஏரிகளில் முற்பகல் பத்து, பதினொரு மணிக்கு மேல் தண்ணீரிலிருந்து கரையை நோக்கிக் காற்று கிளம்பி, பிற்பகலில் உச்சத்தைத் தொட்டு, சூரியன் சாயும்போது அடங்கும். ஏரியும் பள்ளத்தாக்கும் ஒன்றாகச் சேர்ந்த இடங்களில் இது மணி அடித்தாற்போல நடக்கும். இத்தாலியின் கார்டா ஏரியில் காலையில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்குப் பெலேர் என்றும், நண்பகலுக்குப் பின் தெற்கிலிருந்து வீசும் காற்றுக்கு ஓரா என்றும் பெயரே உண்டு. வடகரையிலிருந்து காலையில் தெற்கே போய், மதியத்துக்கு மேல் வடக்கே திரும்பினால் இரண்டு முறையும் காற்று உதவும்.

பக்கக் காற்றில் கவனிக்கவேண்டியது கிளைப் பள்ளத்தாக்குகளின் வாய். மலை மறைவில் அமைதியாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது, அந்தத் திறப்பில் காற்று ஒரே அடியாக முன்சக்கரத்தைத் தள்ளும். 50 மி.மீ. ஆழமுள்ள ரிம் (சக்கரத்தின் வெளிவளையம்) என்றால் ஒரு கை அகலத்துக்கு வழி விலகலாம். முன்சக்கரத்துக்கு 30, 35 மி.மீ. போதும். திறப்பு வருவதற்கு முன் கைகளை ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பிடிக்குக் கொண்டுபோய், முழங்கையை மடக்கி, பிடியை இறுக்காமல் வைத்திருங்கள். இறுக்கிப் பிடித்தால் உடம்பு வாங்கும் காற்றும் ஹேண்டில்பாருக்குப் போய்ச்சேரும்.

ஆற்றோரம் ஓட்டும்போது நீரோட்டத்தோடு போவதா, எதிர்த்துப் போவதா?

பெரிய ஆறுகளில் சரிவு ஒரு பொருட்டே அல்ல. தன்யூப் ஆற்றோரம் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரையுள்ள சுமார் 320 கி.மீ. வழியில் ஆறு 150 மீட்டருக்கும் குறைவாகவே இறங்குகிறது. காலுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அங்கே மேற்குக் காற்று அதிகம் என்பதால், மேற்கிலிருந்து கிழக்கே, அதாவது நீரோட்டத்தோடு போவதுதான் வழக்கம். சிறிய மலை ஆறுகளில் மட்டும் சரிவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பெரும்பாலான ஆறுகளில் ஒரு கரையில் நெடுஞ்சாலை இருக்கும், மறுகரையில் ஊர்களை இணைக்கும் பழைய சிறுசாலை இருக்கும். அந்த மறுகரைதான் நமக்கானது. பாலங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பாலம் 15 கி.மீ. தள்ளியிருப்பது சாலை மூடப்பட்ட பிறகு தெரியவந்தால் பயனில்லை.

என் கியர் போதுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுங்கள். 34ஐ 28ஆல் வகுத்தால் 1.21. சாலை சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஒரு முழு மிதிக்கு 2.55 மீட்டர் நகர்வீர்கள். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்கு 9.2 கி.மீ. பின்னால் 34 பல் போட்டால் அதே 60 மிதியில் 7.6 கி.மீ.

இப்போது உடம்பைப் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ என்றால், 8 சதவீத ஏற்றத்தில் 9 கி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 180 வாட் வேண்டும். அதை அரை மணிநேரம் தர முடியாதவர் 34க்கு 28 கியரில் 60 மிதிக்கும் கீழே போய், முழங்காலை நோகடித்துக்கொள்வார். குன்றுச் சாலைக்கு 50/34 முன்பக்கமும் 11-34 பின்பக்கமும் எங்கள் பரிந்துரை. பெரிய பல்சக்கரம் இருந்தால் பயன்படுத்தாமல் விடலாம். இல்லாவிட்டால் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

மாற்றும்போது இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, செயினைத் தள்ளும் பின்பக்க டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று பார்க்காமல் கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பு) வாங்குவது. இரண்டு, பழைய செயினையே விட்டுவிடுவது. பின்பக்கம் ஆறு பல் கூடினால் செயின் ஏறத்தாழ மூன்று கண்ணி நீளம் கூடவேண்டும். கண்ணிகளை ஜோடியாகத்தான் சேர்க்க முடியும் என்பதால் நான்கு. குட்டையான செயினோடு முன்னும் பின்னும் பெரிய பல்லுக்கு மாற்றினால் டீரெய்லர் பிய்ந்துபோகும். சைக்கிளை நிறுத்தி வைத்து, மிதியைக் கையால் மெதுவாகச் சுற்றி, பெரியது-பெரியது நிலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். டீரெய்லரின் கை முழுக்க நிமிர்ந்து விறைக்காமல், கொஞ்சம் வளைவு மிச்சமிருந்தால் சரி.

தொடர்ச்சியான சிறு மேடுகளை எப்படி ஓட்டுவது? இறங்கிய வேகத்திலேயே அடுத்ததை ஏறிவிடலாமா?

வேகம் நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே உதவும். 45 கி.மீ. வேகத்தில் மேட்டின் அடிக்கு வந்து, மிதிக்காமல் 20 கி.மீ.க்குக் குறையும் வரை விட்டால், கிடைக்கும் உயரம் சுமார் 6 மீட்டர்தான். 5 சதவீதச் சரிவில் அது 120 மீட்டர்ச் சாலை. எட்டுப் பத்து மீட்டர் உயரமுள்ள குட்டி மேடுகளை இதோடு கொஞ்சம் மிதித்தே தாண்டலாம். நாற்பது மீட்டர் மேட்டுக்கு இது தொடக்கம் மட்டுமே.

எனவே ஒரு மேட்டை மூன்றாகப் பிரித்து ஓட்டுங்கள். அடிவாரத்தில் வேகம் தானாகக் குறையட்டும், அதைப் பிடித்துவைக்கப் போராடவேண்டாம். மிதி கனக்கத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பல்லாகக் கியரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதுதான் நடுப்பகுதியின் அளவுகோல். இதயத் துடிப்புக் கருவி குட்டி மேடுகளில் பயன்படாது; துடிப்பு ஏறி வருவதற்குள் மேடு முடிந்துவிடும். மூன்றாவது பகுதியைத்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள்: உச்சி தெரிந்ததும் மிதிப்பதை நிறுத்திவிடுவார்கள். உச்சியைத் தாண்டி இன்னும் பத்துப் பதினைந்து மிதி அதே அழுத்தத்தில் போட்டு, கியரை ஏற்றி, வேகம் பிடித்த பிறகு ஓய்வெடுங்கள். இறக்கத்தில் 50 கி.மீ.யைத் தாண்டியபின் மிதிப்பது வீண். அந்த வேகத்தில் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே போய்விடும்.

மேட்டின் அடியில் கியர் மாற்றும்போது செயின் கழன்று விழுகிறது. ஏன்?

முன்பக்கப் பெரிய பல்லிலிருந்து சிறிய பல்லுக்கு, முழு எடையோடு மிதித்துக்கொண்டே மாற்றுவதால். மாற்றும் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் காலின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். முதலில் பின்பக்கம் இரண்டு பல் கடினமான பக்கத்துக்கு மாற்றிவிட்டு உடனே முன்பக்கத்தை மாற்றினால், மிதி வெறுமையாகச் சுழலாது. செயினும் தொய்வின்றி இருக்கும். அப்படியும் விழுந்தால் முன்பக்க டீரெய்லரின் உள் எல்லை திருகு தளர்ந்திருக்கிறது. சிறிய பல்லிலும் பின்பக்கப் பெரிய பல்லிலும் வைத்து, டீரெய்லரின் உள்தகடு செயினுக்கு அரை மி.மீ. தள்ளி நிற்குமாறு முடுக்குங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாவது ஆபத்தா?

ஆபத்து. அதே 85 கிலோ, 8 சதவீத இறக்கத்தில் 30 கி.மீ. வேகத்திலேயே இறங்கினால், பிரேக்குகள் தொடர்ந்து 400 வாட் அளவுக்கு வெப்பத்தை வாங்குகின்றன. இரண்டு நிமிடத்துக்குப் பரவாயில்லை; பதினைந்து நிமிடத்துக்குத் தாங்காது. மெதுவாக அழுத்திக்கொண்டே இறங்குவதுதான் மோசமான முறை. நேர்ச்சாலையில் விடுங்கள், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். விடும் இடைவெளியில்தான் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடு) ஆறும்.

பிரேக் லீவர் ஹேண்டில்பாரை நோக்கி முன்பைவிட அதிகம் வருகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் உடனே ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நில்லுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்; கோணிக்கொள்ளும். கிளம்பும் முன் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் கனத்தைப் பாருங்கள். உலோகத் தகட்டுக்கு மேல் 0.5 மி.மீ. தான் மிச்சம் என்றால் மாற்றவேண்டிய நேரம் வந்துவிட்டது.

டயரில் எவ்வளவு காற்று?

75 கிலோ எடையுள்ளவர், 28 மி.மீ. டயர், உள்ளே டியூப்: முன்பக்கம் 65 பி.எஸ்.ஐ. (டயர் அழுத்தத்தின் அலகு), பின்பக்கம் 70. எடை 10 கிலோ கூடினால் இரண்டிலும் ஐந்தைந்து கூட்டுங்கள். ஈரச் சாலையில் ஐந்து குறையுங்கள். டயரைப் பிடித்துவைக்கும் கொக்கி விளிம்பு இல்லாத (ஹுக்லெஸ்) ரிம் என்றால் எந்த நிலையிலும் 72.5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக்கூடாது, டயர் கழன்றுவிடும். டியூபில் அருகருகே இரண்டு கீறல் இருந்தால் ஆணி குத்தவில்லை, காற்று குறைவாக இருந்து பள்ளத்தின் விளிம்பில் டியூப் நசுங்கியிருக்கிறது.

விடியற்காலையில் பள்ளத்தாக்கு மேட்டைவிடக் குளிர்கிறதே?

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் இறங்கி அடியில் தேங்கிவிடும். மேட்டில் இதமாக இருந்து, ஆற்றோரம் இறங்கியதும் பற்கள் தந்தியடிப்பது அதனால்தான். மூடுபனியும் அங்கேதான் படியும். முன்பின் விளக்குகளை எரியவிடுங்கள். காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடையை உச்சியிலேயே, வியர்வை ஆறும் முன் போட்டுக்கொள்ளுங்கள். கீழே வந்து போட்டால் தாமதம். குளிர்காலத்தில் பாலங்கள் சாலைக்கு முன்பே உறையும், கீழேயும் காற்று ஓடுவதால்.

வழியில் வேறு எவற்றைக் கவனிக்கவேண்டும்?

ஆற்றோரச் சாலையைத் தண்டவாளங்கள் அடிக்கடி குறுக்கிடும். சாய்வாகக் கடந்தால் டயர் இடுக்கில் இறங்கிவிடும். கொஞ்சம் விலகி, நேர்குறுக்காகக் கடங்கள். மழையில் தண்டவாளத்தின்மேல் பிரேக்கும் வேண்டாம், திரும்பவும் வேண்டாம். ஏரிக்கரை மரப்பலகைப் பாதைகள் ஈரமானால் சோப்புப் போட்டாற்போல வழுக்கும். சுரங்கத்துக்குள் நுழையும் முன் கருப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். சில சுரங்கங்களில் சைக்கிளுக்கே அனுமதியில்லை, மாற்றுவழியை முந்தைய நாளே பார்த்துவைக்கவேண்டும். படகில் கடக்கும் வழியானால் கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

இரண்டு மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மி.லி. தண்ணீர். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. முதல் அரை மணியிலேயே தொடங்குங்கள். ஏற்றத்தில் மெல்ல முடியாது, இறக்கத்தில் கையை எடுக்க முடியாது; சமமான ஆற்றோரப் பகுதிதான் சாப்பிடும் இடம். வழியைத் திட்டமிடும்போதே அதைக் குறித்துவையுங்கள்.

பையில் என்னென்ன?

டியூப் இரண்டு (வால்வு நீளம் ரிம்மின் ஆழத்தைவிட 15, 20 மி.மீ. கூடுதலாக), டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, கைப்பம்பு, ஒட்டு வில்லை, செயின் இணைப்புக் கண்ணி, செயின் வெட்டும் சிறு கருவி, ஆலன் சாவித் தொகுப்பு. 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்று 28 மி.மீ. டயரை நிரப்பிவிடும். ஆனால் அந்த வாயு டியூபின் ரப்பர் வழியே விரைவில் கசியும். அன்று மாலையே அதை வெளியேற்றிப் பம்பால் காற்றடியுங்கள்.

மழைக்குப் பின் சாலைமேல் தண்ணீர் ஓடுகிறது. கடக்கலாமா?

தார் தெரியாவிட்டால் கடக்காதீர்கள். அடியில் சாலை அரித்துப் போயிருந்தாலும் மேலே தெரியாது. ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். திரும்பிப் போய், முகட்டின் மேலே போகும் சாலையைப் பிடியுங்கள். ஏற்றம் கூடினாலும் ஈரம் வடிந்திருக்கும். அச்சு மூழ்கும் அளவு தண்ணீரில் இறங்க நேர்ந்திருந்தால், வீடு திரும்பியதும் சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் சுற்றிப் பாருங்கள். மணல் நெறிபடுவதுபோல உணர்ந்தால் அடுத்த பயணத்துக்கு முன் பேரிங்கைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கவேண்டும். செயினை அன்றே துடைத்து, உலரவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள்.